ஹா-ஹா: புல்வெளிக்குள் ஒளிந்த சுவர்

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் படமெடுத்துப் பெயர்பெற்ற 'கன்ட்ரி லைஃப்' இதழ் 1897இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். மாளிகை வாசலிலிருந்து புல்வெளி விரிந்துகொண்டே போகிறது. சற்றுத் தள்ளி மாடுகள் மேய்கின்றன. நடுவில் வேலியைக் காணோம். அப்படியும் பூஞ்செடிகளில் மாடு வாய்வைக்கவில்லை.

காரணம், படத்தில் விழாத ஒரு பள்ளம். தோட்டத்துப் பக்கம் செங்குத்தான கல் சுவர். அதன் உச்சி புல்தரை மட்டத்தோடு நின்றுவிடும். மேய்ச்சல் பக்கம் புல் படர்ந்த சரிவு. சரிவில் இறங்கி வரும் மாடு சுவரடியோடு நின்றுவிடும். மாளிகையிலிருந்து பார்ப்பவருக்கோ எல்லாம் ஒரே வெளி. இதற்குத்தான் 'ஹா-ஹா' என்று பெயர்.

1709இல் தெசாலியே தர்ஜான்வீல் எழுதிய பிரெஞ்சுத் தோட்டக்கலை நூலிலேயே 'ஆ, ஆ' என்று இந்தப் பெயர் இருக்கிறது. நடந்து வருபவர் திடீரெனப் பள்ளத்தைக் கண்டு வியந்து எழுப்பும் ஒலி அது. 1712இல் ஜான் ஜேம்ஸ் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பின்னால் எழுதவந்த ஹொரேஸ் வால்போல், சார்லஸ் பிரிஜ்மன் என்ற தோட்டக் கலைஞர்தான் இதை முதலில் எண்ணினார் என்றார். பெயரைச் சூட்டியது பொதுமக்கள் என்றும் சொன்னார். பிரிஜ்மனின் ஸ்டோ தோட்டம் இதைப் புகழ்பெறச் செய்தது உண்மை. ஆனால் 1709ஆம் ஆண்டு நூல் இருக்க, முதன்மையை அவருக்குக் கொடுக்க இயலாது.

ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) நாவலில் மரியா, பூட்டிய இரும்புக் கதவின் ஓரமாக ஹா-ஹாவைத் தாண்டிப் போகிறாள். வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், இன்னொருவன் துணையோடு. அவள் மீறப்போகும் எல்லைகளுக்கு அந்தப் பள்ளமே முன்னறிவிப்பு.

இந்தச் சொல்லின் பயணத்தில் என்னை மிகவும் வருத்துவது ஆஸ்திரேலியப் பகுதி. மெல்போர்னில் 1871இல் திறந்த கியூ மனநலக் காப்பகத்திலும் ஹா-ஹா சுவர்கள் கட்டினார்கள். வெளியே நிற்பவருக்குச் சுவர் தாழ்வாகத் தெரியும், சிறை என்றே தோன்றாது. உள்ளிருந்து வரும் நோயாளி பள்ளத்தில் இறங்கி நிமிர்ந்தால் ஏறமுடியாத உயரம். அதே அமைப்பு, அதே பெயர்; வியப்பொலிக்கு அங்கே இடமேது?

மேலே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர் இது. பழைய தோட்டப் படம் கையில் கிடைத்தால், கேமரா எந்தப் பக்கம் நின்றது என்று முதலில் பாருங்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து எடுத்த படமானால், அந்தச் சுவர் முழுதாகத் தெரியும்.