லாராவின் மெட்டுக்குப் பின்னால் மறைந்த இசை

இந்த எபிசோடை ஒரு மரப்பெட்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க மாமா சிங்கப்பூரில் இருந்து அம்மாவுக்கு ஒரு குட்டி நகைப்பெட்டி வாங்கிட்டு வந்தார். அடியில் சாவி கொடுத்துட்டு மூடியைத் திறந்தால் ஒரு மெட்டு வரும். அம்மா அதுக்குள்ள மூக்குத்தியும் சீட்டுப் பணமும் வைத்திருப்பார். அது எந்தப் படத்து இசை, யார் போட்டது, வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுக்கு அது 'சிங்கப்பூர் பாட்டு', அவ்வளவுதான்.

காலேஜ் படிக்கும்போது ஒருநாள் ராத்திரி டிவியில் பழைய இங்கிலீஷ் படம் ஒன்று. பனி, ரயில், மீசை வைத்த ஒமர் ஷெரீஃப். திடீர்னு நம்ம வீட்டுப் பெட்டி பாடுது! எழுந்து உட்கார்ந்துட்டேன். படம் 'டாக்டர் ஷிவாகோ'. மெட்டின் பெயர் 'லாராஸ் தீம்'. இசை மாரிஸ் ஜார்.

அந்த மெட்டை ஜார் எப்படிப் போட்டார், அது ஜெயித்ததில் அவருக்கு ஏன் கோபம் வந்தது, முப்பது வருஷம் கழித்து வந்த ஒரு விரிவான ஆல்பம் அந்தக் கோபத்தைப் பற்றி என்ன சொல்லுது, இதுதான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். போரிஸ் பாஸ்டர்நாக்கின் நாவலை சோவியத் யூனியனில் அச்சிட விடவில்லை. 1957-ல் இத்தாலியில்தான் முதலில் வெளிவந்தது. மறு வருஷம் நோபல் பரிசு அறிவித்தார்கள். அரசாங்கம் கொடுத்த நெருக்கடியில் அவர் அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாப் போச்சு. 1960-ல் இறந்துவிட்டார். எம்.ஜி.எம். நிறுவனத்துக்காகக் கார்லோ பான்டி தயாரிக்க, டேவிட் லீன் இயக்கினார். ரஷ்யாவில் போய் எடுக்க முடியாதில்லையா, அதனால் பெரும்பகுதியை ஸ்பெயினில் எடுத்தார்கள். மாட்ரிட் பக்கத்தில் ஒரு மாஸ்கோ தெருவையே கட்டினார்கள்.

இசைக்கு மாரிஸ் ஜார். பிரெஞ்சுக்காரர். லீனோட 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்கு ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியவர். ஆனால் இந்தத் தடவை நேரமே இல்லை. 1965 அக்டோபரில் படப்பிடிப்பு முடிகிறது, டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் படம் வெளியாகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். எடிட்டிங்கும் இசையும் அதுக்குள்ள முடியணும்.

லாராவுக்கு லீன் முதலில் நினைத்தது ஒரு பழைய ரஷ்யப் பாட்டு. அதோட உரிமை யாரிடம் இருக்கு என்று கண்டுபிடிக்க முடியாததால் ஜாரையே ஒரு மெட்டு போடச் சொன்னார். ஜார் போட்டுக் காட்டினார், பிடிக்கலை. மறுபடி காட்டினார், அதுவும் பிடிக்கலை. கடைசியில் லீன், "ரஷ்யாவை மறந்துடு, உன் காதலியைக் கூட்டிட்டு மலைப்பக்கம் போ, அவளுக்காக ஒரு மெட்டு போடு" என்கிற மாதிரி சொன்னாராம். இது ஜாரே பின்னாளில் சொன்ன கதை. அப்படிப் பிறந்ததுதான் நம்ம பெட்டி மெட்டு.

இன்னொரு சங்கதியும் உண்டு. அதில் பலலைகா வேண்டும். முக்கோண வடிவத்தில் மூன்று கம்பி உள்ள ரஷ்ய வாத்தியம். எம்.ஜி.எம். ஆர்க்கெஸ்ட்ராவில் அதை வாசிக்க ஆள் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த பலலைகாக் குழுக்களைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களுக்கோ நோட்ஸ் படிக்கத் தெரியாது. நம்ம ஊரில் குரு பாடப் பாட சிஷ்யன் காதால் வாங்கிக்குவான் இல்லையா, அந்த மாதிரி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்துப் பதிவு செய்தார் ஜார்.

இப்போ கோபத்துக்கு வருவோம். எடிட்டிங்கில் லீனும் பான்டியும் ஜார் எழுதிய மற்ற இசையில் நிறைய வெட்டினார்கள், சிலதை முழுசா எடுத்துட்டார்கள். லாரா மெட்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே மெட்டைப் போட்டு இப்படித் தேய்த்தால் மொத்த இசையும் கெட்டுப்போகும் என்று ஜாருக்கு ஆத்திரம்.

நடந்தது என்ன? அந்த இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1966 நவம்பரில் ஆல்பம் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தது. பால் ஃபிரான்சிஸ் வெப்ஸ்டர் வரிகள் எழுத, ரே கானிஃப் குழு அதைப் பாடலாகப் பாடியது. அதுவும் ஹிட். அப்புறம் லிஃப்ட், ஓட்டல் வரவேற்பறை, கடைசியில் எங்க அம்மாவோட நகைப்பெட்டி.

அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம்தான் வசதியாகப் பிடிக்கும். விற்கிற மெட்டை முன்னால் வைத்து, மீதியில் கொஞ்சம் சேர்த்து முடித்துவிடுவார்கள். அது போக இன்னொரு காரணம், ஹாலிவுட் இசைக்கலைஞர்கள் சங்கத்தின் விதி. படத்துக்கு வாசித்ததை ஆல்பமாக விற்றால் வாசித்தவர்களுக்குத் தனியாகப் பணம் தரணும். உழைத்தவர்களுக்கு நியாயமான விதி, நான் குறை சொல்லலை. ஆனால் நிமிஷம் கூடினால் செலவும் கூடும் என்பதால் பல வருஷங்களுக்கு நிறைய ஹாலிவுட் ஆல்பங்கள் அரைமணி நேரத்தோடு நின்றுபோயின. முழு இசையும் ஸ்டூடியோ அலமாரியில் டேப்பாகவே கிடந்தது.

1980-களில் எம்.ஜி.எம்.-மின் பழைய படங்கள் டர்னர் நிறுவனத்தின் கைக்கு வந்தன. 1990-களில் டர்னரும் ரைனோ நிறுவனமும் சேர்ந்து அந்த டேப்புகளைத் தூசி தட்டி வரிசையா சிடி போட்டார்கள். 1995-ல், படத்தின் முப்பதாவது வருஷத்தில், 'டாக்டர் ஷிவாகோ' வந்தது. நாற்பதுக்கும் மேல் டிராக்குகள், ஒரு மணி நேரத்துக்கு மேல் இசை, பெரும்பாலும் கதை போகிற வரிசையில்.

நான் அதைப் பழைய சிடிக்கடை ஒன்றில் வாங்கினேன். ஜார் பக்கம் நியாயம் இருக்கா என்று பார்க்கத்தான் கேட்க உட்கார்ந்தேன்.

ஆரம்பத்திலேயே ஒரு சாவு. சிறுவன் யூரியின் அம்மாவை அடக்கம் செய்யும்போது பாடும் ஆர்த்தடாக்ஸ் கோரஸ். அப்புறம் பணக்கார வீட்டு வால்ட்ஸ். 'இன்டர்நேஷனல்' கீதம். யூரி செம்படைக் கெரில்லாக்களிடம் மாட்டுகிற இடம், அங்கிருந்து தப்பி வருகிற இடம், ஓநாய்களை விரட்டுகிற இடம். சில டிராக்குகள் ஒரு நிமிஷம்கூட இல்லை. படத்தில் கேட்டதாக எனக்கு நினைவே இல்லாத துணுக்குகள் பல. இவ்வளவு குளிரும் பயமும் தாண்டி அந்த மெட்டு வரும்போது, எனக்கு முதல் தடவையா அது இனிப்பா தெரியலை. உயிர் பிழைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

அப்போ ஜார் சொன்னதுதான் சரியா? பாதி சரி என்று நினைக்கிறேன். சுற்றி இருந்ததை வெட்டியதால்தான் உலகம் அதை வெறும் பெட்டி மெட்டாக எடுத்துக்கொண்டது. ஆனால் லீனையும் சும்மா தள்ளிவிட முடியாது. யுத்தம், புரட்சி, பஞ்சம், டஜன் கணக்கில் பாத்திரங்கள். பார்க்கிறவன் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேணும். படத்தில் அந்த பலலைகா யூரியின் அம்மா விட்டுப்போனது. கடைசிக் காட்சியில், அவனுக்கும் லாராவுக்கும் பிறந்தவளாக இருக்கலாம் என்று நம்பப்படுகிற பெண்ணின் தோளில் அது தொங்கும். யாரும் கற்றுத்தராமலே வாசிக்கிறவள். மெட்டு திரும்பத் திரும்ப வந்ததால்தான் அந்தக் காட்சி நெஞ்சைப் பிடிக்குது.

அதனால் விரிவான ஆல்பம் வந்ததும் படம் தப்பு என்று ஆகிவிடாது. ஒருத்தர் எழுதியது எவ்வளவு, மற்றவர் வைத்துக்கொண்டது எவ்வளவு என்று நாமே காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுது. 1995 வரைக்கும் ஜாரின் ஆதங்கம் வெறும் வாய்வார்த்தை. அதுக்கப்புறம் அதுக்கு ஆதாரம் இருக்கு.

ஒரு வேடிக்கையும் சொல்லிடறேன். அதே சிடியின் கடைசியில் கூடுதலாக மூன்று டிராக் இருக்கு. லாராஸ் தீம் ஜாஸ் வடிவம், ராக் அண்ட் ரோல் வடிவம், ஸ்விங் வடிவம்! பாவம் ஜார், அங்கேயும் தப்பிக்கலை.

கோபம் இருந்தும் அவர் லீனை விட்டுப் போகலை. 'ரயன்ஸ் டாட்டர்', 'எ பேசேஜ் டு இந்தியா' இரண்டுக்கும் அவர்தான் இசை. வாழ்க்கையில் வாங்கிய மூன்று ஆஸ்கரும் லீன் படங்களுக்குத்தான். 2009-ல் காலமானார்.

அம்மாவோட பெட்டி இப்போ என்கிட்ட இருக்கு. ஸ்பிரிங் போயிடுச்சு, பாடாது. போன மாசம் அம்மாவுக்கு அந்தச் சாவுக் கோரஸில் இருந்து வரிசையா போட்டுக் காட்டினேன். மெட்டு வந்ததும் நிமிர்ந்து, "இது நம்ம சிங்கப்பூர் பாட்டுல்ல?" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இவ்வளவு சோகமாவா இருக்கும்?" என்று கேட்டார்.

நீங்களும் முதல் டிராக்கில் இருந்து, தள்ளாமல் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.