மார்பகப் புற்றுநோய்: வெட்கம் தடையாக வேண்டாம்

மார்பில் கட்டி தென்பட்டும் யாரிடமும் சொல்லாமல், நோய் முற்றிய பின் மருத்துவமனைக்குச் செல்லும் சகோதரிகள் நம் சமுதாயத்தில் இன்றும் இருக்கிறார்கள். ஆரம்ப நிலையில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. எனவே "வலிக்கவில்லையே" என்று காத்திருப்பது ஆபத்து.

இந்தத் தாமதத்தைக் குறைக்க நீண்ட காலம் உழைத்தவர் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் இந்திரனீல் மித்ரா. மேமோகிராம் கருவி எல்லா ஊர்களுக்கும் எட்டாத நம் நாட்டில், பயிற்சி பெற்றவர்கள் கையால் தொட்டுச் செய்யும் பரிசோதனை பயன் தருமா என்பதே அவரது கேள்வி.

1998-ல் அவரது குழு மும்பையில் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இதில் இடம்பெற்றனர். 20 பகுதிகளில் பாதியில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வீதம் நான்கு சுற்றுப் பரிசோதனை நடந்தது. பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். மற்றப் பகுதிகளில் ஒரு முறை விழிப்புணர்வுத் தகவல் மட்டும் தரப்பட்டது.

20 ஆண்டு கண்காணிப்பின் முடிவு 2021-ல் வெளியானது. நோய் கண்டவர்களில் முற்றிய நிலையில் இருந்தோர், பரிசோதனை நடந்த பகுதிகளில் 37 சதவீதம். மற்றவற்றில் 47 சதவீதம். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே அத்தகைய குறைவு உறுதியாகவில்லை. ஆனாலும் கட்டி தெரிந்தால் எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும்.

கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் அது சிகிச்சைக்குத் தடையல்ல. பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் செல்வோம். இல்லாவிட்டால், அவசியத்தின்போது தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதே மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. தாயும் மனைவியும் சகோதரியும் தயங்கினால் அழைத்துச் செல்வது ஆண்களாகிய நம் பொறுப்பு.

அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஆரோக்கியத்தையும், நோயுற்ற சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.