திருநாதர்குன்றும் உண்ணாநோன்பும்

செஞ்சியை அடுத்த சிங்கவரத்துக்கு அருகே திருநாதர்குன்று என்றொரு சிறு குன்று உண்டு. அங்கே ஒரு பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் 24 பேரும் வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதே குன்றில், பழந்தமிழ் லிபி வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்துகளில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் ஆகாரத்தைத் துறந்து உயிர்நீத்த இடம் இதுவென்று ஒரு சாசனம் கூறுகிறது. கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டினது என்று கல்வெட்டறிஞர் கருதும் அந்தச் சாசனத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டு, இளையபடாரர் என்னும் துறவி 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைக் கூறும் மற்றொரு சாசனமும் அங்கே உள்ளது. அரசன் புகழையும் நிலதானத்தையும் விடுத்து, ஒரு முனிவர் நோற்ற நாட்களின் எண்ணிக்கையை மட்டும் கல்லில் ஏற்றிய அந்த மனப்பாங்கு சிந்தனைக்குரியது. ஐம்பத்தேழாம் நாள் வரை கணக்கு வைத்தவர் நோற்றவராக இருந்திருக்க முடியாது. அருகிலிருந்து பார்த்தவர்களே எண்ணியிருக்க வேண்டும்.

வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர்விடும் சங்ககாலத்து வடக்கிருத்தலோடு இந்த உண்ணாநோன்பைச் சேர்த்து எண்ணுவது வழக்கமாயினும், இரண்டுக்கும் நோக்கம் வேறு. வெண்ணிப் போரில் முதுகிலே புண்பட்ட நாணத்தால் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். பெற்ற மக்களே பகைத்தெழுந்த துயரத்தால் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். அவனோடு புலவர் பிசிராந்தையார் வடக்கிருந்தது நட்பின் பொருட்டு. இவையெல்லாம் மானத்தின் பாற்பட்டவை. சமணர் வகுத்த சல்லேகனை என்னும் உண்ணாநோன்போ முதுமையையும் தீராப் பிணியையும் நேருக்கு நேர் கருதிச் செய்த ஏற்பாடு. சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டகமும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதன் கிரமத்தை இல்லறத்தாருக்கும் உரைக்கின்றன. விலக்க முடியாத இடையூறு, கொடும்பஞ்சம், தளர்ந்த மூப்பு, மருந்துக்கு அடங்காத நோய் ஆகிய நான்கு நிலைகளிலன்றி இந்த விரதம் ஏற்கத்தக்கதன்று. ஏற்பவர் சுற்றத்தாரிடமும் ஏவலரிடமும் இன்சொல்லால் மன்னிப்புக் கேட்டுத் தாமும் மன்னித்து, முதலில் திட உணவையும், பிறகு பாலையும், பிறகு கஞ்சித்தெளிவையும், இறுதியில் வெந்நீரையும் படிப்படியாக விடவேண்டும். ஒரே நாளில் அனைத்தையும் உதறும் ஆவேசத்துக்கு அங்கே இடமில்லை. இந்நோன்புக்குரிய குற்றங்கள் ஐந்தனுள் இன்னும் வாழவேண்டும் என்ற ஆசை ஒன்று. விரைவில் சாகவேண்டும் என்ற ஆசை மற்றொன்று. மரணத்தை விரும்புவதையே குற்றமாக வைத்த ஒரு மரண விதியை வகுத்தவர்களுடைய விவேகம் என்னை மிகவும் கவர்கிறது.

சிவாரியர் பிராகிருதத்தில் இயற்றிய பகவதி ஆராதனை துறவியரின் அந்திமக் காலத்தை இன்னும் விரிவாகச் சொல்கிறது. நோன்பிருப்பவரைப் பேணுவதற்கு நிர்யாபகர் என்னும் முனிவர்கள் 48 பேர், நால்வர் நால்வராகப் பன்னிரண்டு பணிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். எழுப்பவும் உட்காரவைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் நால்வர்; அறவுரை சொல்ல நால்வர்; மலசலங்களை அகற்றி இடத்தைத் தூய்மை செய்ய நால்வர்; இரவெல்லாம் கண்விழித்திருக்க நால்வர்; கண்டவரும் உட்புகுந்து கலக்காதபடி வாயில் காக்க நால்வர். அத்தனை பேர் கிடைக்காவிடில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இருவருக்குக் குறையலாகாது. உடனிருப்பவர் ஒருவரேயானால், அவர் பிட்சைக்குச் சென்றால் நோன்பாளி தனித்துவிடப்படுவார். செல்லாவிட்டால் அவரே பட்டினியால் வாடுவார். படுக்கையில் விழுந்த தாயைப் பல ஆண்டுகளாக ஒற்றை ஆளாகத் தூக்கியும் துடைத்தும் பராமரித்து, தன் சரீரமும் நலிந்துபோகும் மகளை அறிந்தவர்களுக்கு, அந்தப் பழைய நூல் எவ்வளவு அனுபவத்தோடு பேசுகிறது என்பது விளங்கும்.

கங்க அரசன் மாரசிம்மன் 10-ஆம் நூற்றாண்டில் அரசு துறந்து பங்காபுரத்தில் ஆசாரியர் அஜிதசேனர் திருவடியில் இந்நோன்பு நோற்று உயிர்நீத்ததைச் சிரவணபெளகொளச் சாசனம் கூறுகிறது. 1955-இல் ஆசாரியர் சாந்திசாகரர் குந்தல்கிரியில் ஒரு மாதத்துக்கும் மேலாக நோற்று மறைந்தார். 1982 நவம்பரில் பவுனாரில் ஆசாரிய விநோபா பாவே உணவையும் மருந்தையும் மறுத்து உயிர்நீத்ததையும் இந்த மரபின் சாயலாகவே பலர் கண்டார்கள்.

இத்தகைய வழக்கம் ஏழ்மையும் சலிப்பும் மிகுந்த வீட்டில் எவ்வாறு திரிந்துபோகும் என்பதை நம் தென்மாவட்டச் சிற்றூர்களில் ‘தலைக்கூத்தல்’ என்று வழங்கிய கொடுமை காட்டுகிறது. எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் முதியவரின் முடிவை விரைவுபடுத்தும் அவ்வழக்கில், நாள் குறிப்பவர்கள் பிள்ளைகள்; பெரியவருடைய சம்மதத்தை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அவருக்கு மறுக்கத் துணிவிருப்பதில்லை. அதனை மரபென்றோ கருணையென்றோ அழைக்க என் மனம் இசையாது, அது கொலை. சல்லேகனையைச் சந்தேகிப்பவர்களுடைய அச்சமும் இங்கேதான் வேர்கொண்டிருக்கிறது. அந்த அச்சத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

2015 ஆகஸ்டு 10-ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனை நோன்பைத் தற்கொலையாகவே கருதித் தண்டனைக்குரியதென்று தீர்ப்பளித்தது. அந்த மாதம் முடிவதற்குள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பின்னர் 2018 மார்ச்சு 9-ஆம் நாள், கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், மீளவியலாத நிலையில் செயற்கைச் சிகிச்சை வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் அதே உச்சநீதிமன்றம் கூறிற்று. 2023-இல் நடைமுறை எளிமையாக்கப்பட்டு, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் சான்றும் போதுமென்றாயிற்று. வேண்டாத சிகிச்சையை மறுக்கும் இவ்வுரிமை மனிதனுக்குரியதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயினும், சாட்சிக் கையெழுத்தைக் கேட்ட சட்டம், இரவில் கண்விழித்திருப்பவர் யார் என்று கேட்கவில்லை. அதனால்தான், 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையோடு கிடப்பவரின் வீட்டுக்கே செவிலியர் சென்று வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாட்டை அந்தத் தீர்ப்புகளுக்குச் சற்றும் குறையாத செய்தியாக நான் மதிக்கிறேன். ஊருக்கு ஊர் அத்தகைய செவிலியரின் எண்ணிக்கை பெருகவேண்டும்.