சாத்திய கதவு

உடம்புக்கு வந்த நோய்க்குத் தபாலில் மருந்து தருவித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனத்துக்கு வந்த நோயை அப்படித் தூரத்திலிருந்து தீர்க்க முடியுமா? டாக்டர் ஓர் ஊரில், நோயாளி இன்னோர் ஊரில், நடுவே ஒரு திரை. முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழைய சரித்திரத்தைப் புரட்டிய பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

இந்த வைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட பிராய்டே நோயாளிக்கு எதிரே உட்கார்ந்தவர் அல்ல. வியன்னாவில் அவர் வீட்டில் நோயாளி சோபாவில் படுத்துக்கொண்டு பேசுவார். டாக்டர் தலைமாட்டில், கண்ணில் படாமல் அமர்ந்து கேட்பார். நாள் முழுவதும் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பது தமக்குத் தாங்கவில்லை என்று அவரே 1913-ல் எழுதினார். அது மட்டுமா? குதிரையைக் கண்டு நடுங்கிய 5 வயதுப் பையன் ஒருவனுக்கு 1908-ல் நடந்த வைத்தியம் பெரும்பாலும் தகப்பனார் மூலமாகவே நடந்தது. தகப்பனார் எழுதுவார், பிராய்டு யோசனை சொல்வார். அப்போது அவர் பையனை வைத்துக்கொண்டு பேசியது ஒரே ஒரு தடவைதான்.

டெலிவிஷன் வந்தது பின்னால். அமெரிக்காவில் நெப்ராஸ்கா ராஜ்யம் பரந்த வயல்வெளி. மனோவைத்தியர்கள் ஒமாஹா பட்டணத்தில் இருந்தார்கள். நோயாளிகளோ ராஜ்யம் முழுவதும் சிதறிக் கிடந்தார்கள். டாக்டர் ஸெஸில் விட்ஸன் என்பவர் 1950-களின் இறுதியில், இரு பக்கமும் பார்த்துப் பேசக்கூடிய டெலிவிஷனை வைத்து, நோயாளிகளைக் குழுவாக உட்காரவைத்துப் பேசும் வைத்தியத்தை நடத்திப் பார்த்தார். டாக்டர் நேரில் இருந்த குழுக்களையும் ஒப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் தென்படவில்லை என்று 1961-ல் எழுதினார்கள். 1964-ல் 112 மைலுக்கு அப்பால் இருந்த நார்போக் ஸர்க்கார் ஆஸ்பத்திரியோடும் தொடர்பு ஏற்பட்டது.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. சென்னை ஸ்கார்ப் ஸ்தாபனத்தார் 2010-க்குப் பிறகு புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பினார்கள். பஸ்ஸுக்குள் நோயாளி, திரையில் சென்னை டாக்டர்.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. பரீட்சையாக இருந்தது ஒரே வழியாகிவிட்டது. இந்திய ஸர்க்காரும் அந்த வருஷம் மார்ச் மாதத்தில் இதற்கு விதிமுறைகள் வெளியிட்டது. மனச்சோர்வு முதலியவற்றில், வீடியோ வைத்தியம் மொத்தத்தில் நேர் வைத்தியத்துக்குச் சளைத்ததில்லை என்றே ஆராய்ச்சிகள் பலவும் சொல்கின்றன.

அப்படியானால் நேரில் போவதில் என்னதான் விசேஷம்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி வீடியோவில் வைத்தியம் செய்துகொண்டார். இரண்டே அறை உள்ள வீடு. மாமியார் கூடத்தில், குழந்தைகள் காலடியில். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம், "ஒன்றுமில்லை டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றே பதில் சொல்லி வந்தார். ஒரு நாள் துணி உலர்த்துகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குத்தான் அழுதார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. பிராய்டின் சோபா இருந்த அறைக்குக் கதவு இருந்தது. நார்போக்கில் ஆஸ்பத்திரி அறை இருந்தது. புதுக்கோட்டைக்குப் போன பஸ்ஸும் சக்கரம் வைத்த ஓர் அறைதான். அங்கெல்லாம் டாக்டர் தூரத்தில் இருந்தாலும் அறையை வைத்தியமே கொடுத்தது. இன்றோ அறையை நோயாளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அறை உள்ளவர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. இல்லாதவர்களுக்கோ 112 மைலைத் தாண்டிவிட்ட டாக்டர், கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே உள்ள பத்தடியைத் தாண்ட முடிவதில்லை.

ஊருக்கு ஊர் ஒரு டாக்டரை உட்காரவைக்க நம்மால் ஆகாது. ஊருக்கு ஓர் அறையும், உள்ளே ஒரு திரையும், சாத்துவதற்கு ஒரு கதவும் வைக்க முடியாதா? நூலகத்தில் ஒரு மூலை போதுமே!