மஞ்சள் கிணறும், ஒரே பெயரில் இரண்டு கட்டுரைகளும்

ராணிப்பேட்டை குரோமியக் கழிவு மேட்டைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவை அங்கேயே விட்டுப் போனது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். இதைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலரும் செய்யும் குழப்பம் ஒன்று உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம் 3. அந்த ஆலை தாதுவிலிருந்து தயாரித்த டைகுரோமேட்டில் இருப்பது குரோமியம் 6. இரண்டும் ஒரே தனிமம்தான், ஆனா உடம்புக்குள் நடந்துகொள்ளும் விதம் வேறு. 6 தண்ணீரில் எளிதாகக் கரையும், செல்லுக்குள் சுலபமாக நுழையும்.

சரி, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு என்ன ஆகும்? இதற்கு விடை தேடிப் போனால் எல்லா வழியும் சீனாவில் ஒரே ஊரில் போய் முடிகிறது. லியாவ்னிங் மாகாணத்தில் ஜின்சோ. இந்தப் பதிவு அந்த ஊரைப் பற்றியது.

ஜின்சோவில் இருந்த இரும்புக் கலவை ஆலை ஒன்று 1950களின் கடைசியில் குரோமியம் உருக்க ஆரம்பித்தது. கழிவு திறந்த வெளியில் குவிந்தது. 1960களின் நடுவில் அக்கம்பக்கத்து ஐந்து கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது. சோதித்தபோது சில இடங்களில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை குரோமியம் 6. இன்றைய இந்தியத் தரநிர்ணயம் அனுமதிப்பது 0.05. அதாவது 400 மடங்கு. வாய்ப்புண், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி என்று சனங்கள் வந்தார்கள்.

அங்கே சுகாதாரத் துறையில் வேலை பார்த்த மருத்துவர் ஜாங் ஜியான்டோங் இதை வருஷக்கணக்கில் தொடர்ந்தார். 1970 முதல் 1978 வரையான சாவுக் கணக்கை ஊர் ஊராக எடுத்து, 1987ல் சீன மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தக் கிராமங்களில் புற்றுநோய்ச் சாவு, குறிப்பாக வயிற்றுப் புற்றுநோய், அதிகம் என்றது அது. சீனாவுக்கு வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1997ல், அமெரிக்காவின் தொழில்சார் மருத்துவ இதழ் ஒன்றில் அதே ஜாங் பெயரில் இன்னொரு கட்டுரை வந்தது. அதே ஊர், அதே சாவுக் கணக்கு. முடிவு மட்டும் தலைகீழ்: புற்றுநோய்க்குக் குரோமியம் காரணமாகத் தெரியவில்லை, வாழ்க்கைமுறையோ வேறு சூழல் காரணங்களோ இருக்கலாம்.

நடுவில் நடந்தது கலிபோர்னியாவில். ஹிங்க்லி என்ற சின்ன ஊரில் பிஜி அண்டு ஈ நிறுவனம் 1952 முதல் 1966 வரை குளிர்விப்புக் கோபுரங்கள் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம் 6 பயன்படுத்தி, அந்தத் தண்ணீரை அடித்தளம் போடாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீரில் இறங்கியது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட, 1996ல் 33.3 கோடி டாலர் இழப்பீட்டில் சமரசம் ஆனது. ஜூலியா ராபர்ட்சுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த 'எரின் பிராக்கோவிச்' இந்தக் கதைதான். படத்தில் வராத பகுதி இது: வழக்கு நடந்த காலத்தில் பிஜி அண்டு ஈ தரப்பு அமர்த்திய கெம்ரிஸ்க் என்ற ஆலோசனை நிறுவனம் ஜின்சோவின் ஜாங்கைத் தேடிப் பிடித்தது. அவருடைய தரவை வாங்கி, 1997 கட்டுரையை எழுதி, இதழுக்கு அனுப்பும் வேலையைப் பார்த்தவர்கள் அந்த நிறுவனத்து ஆட்கள். கட்டுரையில் அவர்கள் பெயரும் இல்லை, காசு கொடுத்தவர் பெயரும் இல்லை. 2005 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியே கொண்டுவந்தது. ஜாங்கின் ஒப்புதலோடுதான் செய்தோம் என்பது நிறுவனத்தின் பதில். 2006ல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. (எங்க தொழிலில் ஒரு வரியை யார் மாற்றினார் என்று பார்க்கக் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. அறிவியல் இதழ்களுக்கு அது இல்லை.)

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பிடித்தது என்று சொல்லக்கூடாது, உறுத்தியது, எண்கள் பொய்யில்லை என்பதுதான். யாரும் தரவைத் திருத்தவில்லை. ஒப்பிடும் ஆளை மட்டும் மாற்றினார்கள். 1997 கட்டுரை அந்த ஐந்து கிராமங்களையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டது. ஆலைக்குப் பக்கத்து ஊரில் நோய் அதிகம், தூரத்து ஊரில் குறைவு என்று வரிசை வரவில்லை, ஆகவே குரோமியம் இல்லை என்றது. ஆனா ஐந்து ஊருமே மாசுபட்ட தண்ணீர் குடித்த ஊர்கள்! கெட்டுப்போன எண்ணெயில் சமைத்த ஐந்து வீட்டை ஒப்பிட்டு, எண்ணெய் அதிகம் ஊற்றிய வீட்டில் கூடுதலாக வாந்தி வரவில்லை, அதனால் எண்ணெய் நல்லது என்பது போல. அதோடு, நிலத்தடி நீர் அடிக்கோல் வைத்து அளந்த தூரப்படி ஓடுவதில்லை. ஒவ்வொரு கிணறும் வெவ்வேறு வருஷத்தில் எவ்வளவு கெட்டிருந்தது, யார் எத்தனை வருஷம் குடித்தார் என்பதெல்லாம் தூரத்தை வைத்துத் தெரியாது.

2008ல் கலிபோர்னிய அரசின் ஆய்வாளர்கள் சிலர், பியூமான்ட் தலைமையில், அதே பழைய எண்களை எடுத்து, நல்ல தண்ணீர் குடித்த பக்கத்துப் பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். வயிற்றுப் புற்றுநோய்ச் சாவு சுமார் 1.8 மடங்கு. மாகாணம் முழுவதோடு ஒப்பிட்டால் சுமார் 1.7. சின்ன ஊர்கள், ஒன்பதே வருஷம்; இதை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே 2008ல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம், டைகுரோமேட் கலந்த தண்ணீர் கொடுத்த எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்ததை அறிவித்தது. குரோமியம் 6 மூச்சில் போனால்தான் புற்றுநோய், வயிற்றில் போனால் அமிலம் அதை 3 ஆக மாற்றிவிடும் என்ற பழைய சமாதானம் அதோடு ஆட்டம் கண்டது.

1997 கட்டுரை ஒன்பது வருஷம் இதழ்ப் பதிவில் இருந்தது. 2001ல் கலிபோர்னியா அமைத்த நிபுணர் குழு அதையும் சான்றாக எடுத்துக்கொண்டது. குடிநீருக்கு அதுவரை வைத்திருந்த கடுமையான இலக்கு அந்த வருஷமே கைவிடப்பட்டது. குரோமியம் 6க்குத் தனியாக லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று 2014ல் வரம்பு வைத்தார்கள், 2017ல் நீதிமன்றம் ரத்து செய்தது, மறுபடி அமலுக்கு வர 2024 ஆனது. நம்முடைய தரநிர்ணயத்தில் 6க்குத் தனி எண் கிடையாது. மொத்தக் குரோமியத்துக்கு 50 மைக்ரோகிராம், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டைக் குறிப்புகளுக்குத் திரும்பினேன். நான் இதுவரை எழுதி வைத்திருந்த அட்டவணையில் முதல் பத்தி, 'மேட்டிலிருந்து தூரம், கி.மீ.' அதை அழித்துவிட்டு, 'எதோடு ஒப்பிட்டார்கள்' என்று மாற்றி, மறுபடி முதலிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.