நியூட்ரான் விண்மீன் – கருந்துளை இணைவு: ஒரு கருதுகோளின் வரலாறு

நியூட்ரான் விண்மீனும் கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றி, ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழந்து, இறுதியில் இணைவது பற்றிய ஆய்வுக்கு, தங்கம் எங்கே விளைந்தது என்ற கேள்வி ஒரு முக்கியத் தூண்டுதலாக இருந்தது. இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறத்தாழப் பாதி உருவாக, அணுக்கருக்கள் மிகக் குறுகிய நேரத்தில் ஏராளமான நியூட்ரான்களை ஏற்க வேண்டும். 1957இல் இம்முறை விளக்கப்பட்டது. அது சூப்பர்நோவா வெடிப்பிலேயே நிகழ்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது.

1974இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஜேம்ஸ் லாட்டிமரும் அவருடைய வழிகாட்டி டேவிட் ஷ்ராமும் வேறோர் இடத்தைச் சுட்டினர். கருந்துளையை நெருங்கும் நியூட்ரான் விண்மீனின் அண்மைப் பக்கம், மறுபக்கத்தைவிட மிக வலுவாக இழுக்கப்படும். இதனால் விண்மீன் கிழியும். அதன் சிறு பகுதி வெளியே சிதறும். அச்சிதறலில் கனத் தனிமங்கள் உருவாகலாம் என்றனர். துணிச்சலான கருத்துதான், அத்தகைய இணை ஒன்றுகூட அன்று அறியப்பட்டிருக்கவில்லை. இரு நியூட்ரான் விண்மீன்கள் கொண்ட முதல் இணையையே ஹல்ஸும் டெய்லரும் அதே ஆண்டில்தான் அரெசிபோ தொலைநோக்கியால் கண்டறிந்தனர்.

2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததை லைகோ, விர்கோ கருவிகள் பதிவு செய்தன. பின்தொடர்ந்த ஒளியில் கனத் தனிமங்களின் தடயம் தெரிந்தது. ஷ்ராம் அதைக் காணவில்லை. 1997இல் விமான விபத்தில் இறந்திருந்தார்.

ஆயினும் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை பேசிய இணை இதுவன்று. கருந்துளையோடு நியூட்ரான் விண்மீன் இணைந்த இரு நிகழ்வுகள் 2020 ஜனவரியில் பத்து நாள் இடைவெளியில் பதிவாயின. கருந்துளைகளின் நிறை சூரியனைப்போல் சுமார் 9 மடங்கு, 6 மடங்கு. இரண்டிலும் ஒளி எதுவும் தென்படவில்லை. இதில் பெரிய வியப்பில்லை. கருந்துளையின் நிறை கூடக்கூட, அதன் விளிம்பில் விண்மீனைக் கிழிக்கும் விசை குறைகிறது. கருந்துளை வேகமாகச் சுழலாவிட்டால், விண்மீன் கிழியுமுன்பே முழுதாக விழுங்கப்பட்டுவிடும்.

எனவே இலேசான கருந்துளை தேவை. 2023 மே 29 அன்று பதிவான நிகழ்வில், பெரிய பொருளின் நிறை சூரியனைப்போல் 2.5 முதல் 4.5 மடங்கு வரை என மதிப்பிடப்பட்டது. அது கருந்துளையாகவே இருக்கக்கூடும். ஆனால் லிவிங்ஸ்டனில் உள்ள லைகோ கருவி மட்டுமே அதைப் பதிவு செய்ததால், வானில் எத்திசையில் ஒளியைத் தேடுவது என்று குறிக்க முடியவில்லை.