நடுவருக்கு எத்தனை மதிப்பெண்?



போன வாரம் நம் பழைய மாணவர்கள் குழுவில் நடுராத்திரியில் ஒரே சண்டை. காலையில் எழுந்து பார்த்தால் இருநூறு செய்திகளுக்கு மேல் குவிந்து கிடக்கின்றன. ஐரோப்பாவில் நடந்த ஏதோ ஒரு கால்பந்துப் போட்டியில் பெனால்டி கொடுக்கவில்லையாம். "ரெஃப்ரி காசு வாங்கிட்டான்" என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தீர்கள். கடைசியில் ஒரு தம்பி என்னை உள்ளே இழுத்துவிட்டார். "சார், நீங்கதான் காலமெல்லாம் பேப்பர் திருத்தினவர். இந்த ரெஃப்ரிக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

அந்தப் போட்டியை நான் பார்க்கவில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மார்க் போடுவதற்கு முன் மூன்று நடுவர்களின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலாமவர் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க். சுவீடன் நாட்டுக்காரர். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிக்கே நடுவராக இருந்தவர் என்றால் அவருடைய தகுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2004 செப்டம்பரில் ரோம் நகரில் ஒரு சாம்பியன்ஸ் லீக் போட்டி. இடைவேளைக்கு உள்ளே போகும்போது பார்வையாளர் பக்கத்திலிருந்து எறியப்பட்ட ஒரு பொருள் அவர் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் வழிய நடந்து போனார். போட்டி அத்தோடு நின்றது. அதற்குப் பிறகும் அவர் விசிலைக் கீழே வைக்கவில்லை.

2005 பிப்ரவரி 23. பார்சிலோனாவில் செல்சீ அணியுடன் போட்டி. இடைவேளையில் செல்சீ 1-0 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் செல்சீயின் ட்ரோக்பா பார்சிலோனா கோல்கீப்பரோடு மோதினார். இரண்டாவது மஞ்சள் அட்டை, அதனால் வெளியேற்றம். பார்சிலோனா 2-1 என்று வென்றது. அந்த அட்டை கொஞ்சம் கடுமை என்று வாதிடலாம், அதில் தவறில்லை. ஆனால் செல்சீ தரப்பு அதோடு நிற்கவில்லை. இடைவேளையில் பார்சிலோனா பயிற்சியாளர் ரைக்கார்ட் நடுவரின் அறைக்கே போய்ப் பேசினார் என்று புகார் கிளப்பியது. செல்சீ பயிற்சியாளர் மொரின்யோ அதை வெளிப்படையாகவே பேசினார்.

அதன் பிறகு ஃபிரிஸ்க்குக்கும் அவர் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் வர ஆரம்பித்தன. மார்ச் மாதம் அவர் நடுவர் பணியையே விட்டுவிட்டார். வயது 42. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூயெஃபா விசாரித்து, செல்சீ தரப்பு சொன்னது பொய்யான தகவல் என்று முடிவு செய்தது. மொரின்யோவுக்கு இரண்டு போட்டிகளுக்குத் தடை, அபராதம். கிளப்புக்கும் தனியாக அபராதம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மார்ச் 8 அன்று நடந்த இரண்டாவது ஆட்டத்தில் செல்சீ 4-2 என்று வென்று அடுத்த சுற்றுக்கே போய்விட்டது. எந்த அணிக்கு அநியாயம் நடந்தது என்று ஊரே கூச்சல் போட்டதோ, அந்த அணிக்குக் கடைசியில் ஒன்றும் ஆகவில்லை. வேலையை இழந்தவர் நடுவர் ஒருவர்தான். நெற்றியில் அடிபட்டபோது விலகாத மனிதரை, வாயால் சொன்ன ஒரு சொல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இரண்டாமவர் டாம் ஹென்னிங் ஓவ்ரெபோ. நார்வே நாட்டவர், தொழிலால் உளவியலாளர். 2009 மே 6, லண்டனில் செல்சீயும் பார்சிலோனாவும் மறுபடி மோதிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. உங்களில் பாதிப் பேர் இதைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆட்டம் 0-0. இங்கே 9-ஆவது நிமிடத்தில் எஸ்ஸியன் கோல் அடித்தார். அதற்குப் பிறகு செல்சீ ஆட்டக்காரர்கள் நான்கு முறையாவது பெனால்டி கேட்டுக் கையைத் தூக்கினார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிக்கே கையில் பந்து பட்டது இன்றைக்குப் பார்த்தாலும் தெளிவாகத் தெரிகிறது. கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் இனியெஸ்தா கோல் அடித்தார். 1-1. வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதியால் பார்சிலோனா இறுதிப் போட்டிக்குப் போனது.

பல்லாக் நடுவரின் முகத்துக்கு நேராகக் கத்திக்கொண்டே மைதானத்தின் குறுக்கே துரத்தினார். ட்ரோக்பா டி.வி. கேமராவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசித் தடை வாங்கினார். முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியில் இரண்டு இங்கிலாந்து அணிகள் மோதியிருந்தன. மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று மேலிடமே திட்டம் போட்டது என்று ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியது. ஓவ்ரெபோவுக்கும் மிரட்டல்கள் வந்தன, ஆண்டுக்கணக்கில் வந்தன.

ஆனால் அதே போட்டியில் நடந்த இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறோம். 66-ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் அபிதாலுக்கு அவர் சிவப்பு அட்டை காட்டினார். அனெல்காவின் காலில் அபிதால் பட்டதாகவே மறுஒளிபரப்பில் சரியாகத் தெரியவில்லை. ஆக, பார்சிலோனாவை ஜெயிக்க வைக்க வந்தவர் அதே அணியைப் பத்துப் பேராகக் குறைத்தார் என்று ஆகிறது. இது எப்படிப் பொருந்தும்? அன்று அவர் இரண்டு பக்கமும் தப்புச் செய்தார். பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில், அது தனக்கு நல்ல நாளாக அமையவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். மோசமாகத் தேர்வு எழுதியவர் அவர். காப்பி அடித்தவர் என்று சொல்ல எந்த ஆதாரமும் இன்றுவரை இல்லை.

மூன்றாமவர் எமிலியோ குருசேட்டா முரோ, ஸ்பெயின் நாட்டவர். 1984 ஏப்ரல் 25, யூயெஃபா கோப்பை அரையிறுதி. பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணியும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியும். முதல் ஆட்டத்தில் ஃபாரஸ்ட் 2-0 என்று வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் பெல்ஜியத்தில். ஆண்டர்லெக்டுக்குச் சந்தேகத்துக்குரிய ஒரு பெனால்டி கொடுக்கப்பட்டது. கடைசி நேரத்தில் ஃபாரஸ்டின் பால் ஹார்ட் தலையால் முட்டி அடித்த கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டர்லெக்ட் 3-0 என்று வென்று இறுதிப் போட்டிக்குப் போனது. ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் மனம் வெந்து ஊர் திரும்பினார்கள். சந்தேகம் இருந்தது, ஆதாரம் இல்லை. அவ்வளவோடு முடிந்தது.

1987-இல் ஒரு கார் விபத்தில் குருசேட்டா இறந்துபோனார். அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்து, 1997-இல்தான் விஷயம் வெளியே வந்தது. அன்றைய ஆண்டர்லெக்ட் தலைவர் கான்ஸ்டன்ட் வாண்டன் ஸ்டாக், அந்தப் போட்டிக்குப் பிறகு நடுவருக்குப் பத்து லட்சம் பெல்ஜிய ஃபிராங்க் கொடுத்திருந்தார். 'கடன்' என்று விளக்கம் சொன்னார்கள். யூயெஃபா ஆண்டர்லெக்டுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. விளையாட்டு வழக்குகளுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அந்தத் தடையையும் ரத்து செய்துவிட்டது.

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகமே "விலைபோனவர்" என்று கூச்சல் போட்ட இருவரும் காசு வாங்கியதாக எந்தத் தடயமும் இல்லை. காசு கைமாறிய இடத்தில் பதின்மூன்று ஆண்டுகள் அமைதி. நம் கோபத்தின் அளவை வைத்து ஒருவரின் நேர்மையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

சரி, அப்படியென்றால் எதை வைத்து மார்க் போடுவது? அதற்கும் ஒரு முறை இருக்கிறது. யூயெஃபா போட்டிகளில் நடுவரைக் கவனிக்கவே ஒரு பார்வையாளர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் பழைய நடுவராக இருப்பார். நம் பள்ளிக்கு வரும் இன்ஸ்பெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மதிப்பெண். பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த அளவுகோலின்படி, நன்றாகச் செய்தால் 8.4. முடிவைப் பாதிக்கக்கூடிய தெளிவான பிழை ஒன்று செய்தால் 8-க்குக் கீழே இறங்கிவிடும். ஆட்டம் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் அவர் கணக்கில் எடுப்பார். நடுவர் சரியான இடத்தில் நின்றாரா, இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோலா, உதவி நடுவர்களோடு ஒத்துப்போனாரா என்றெல்லாம் பார்ப்பார். யார் ஜெயித்தார் என்ற கேள்விக்கு அதில் மார்க் கிடையாது.

இப்போது வி.ஏ.ஆர். வந்துவிட்டதே, இன்னும் என்ன பிழை என்று கேட்பீர்கள். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் நினைவிருக்கிறதா? மைதானத்தில் ஆஃப்சைடு என்றார்கள். வீடியோ அறையில் பார்த்தால் ஆஃப்சைடு இல்லை. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "சரிபார்த்தாகிவிட்டது" என்று சொல்லிவிட்டார் வீடியோ நடுவர். சில நொடிகளில் தப்பு புரிந்தது. அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. ஆனால் ஒன்று பாருங்கள். நடுவர் அமைப்பு அன்றைக்கே பிழையை ஒப்புக்கொண்டது. அந்த அறையில் பேசிய ஒலிப்பதிவையும் சில நாட்களில் வெளியிட்டது. கேட்டுப் பாருங்கள், பதறிப்போன மனிதர்களின் குரல் அது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் பார்ப்பது மனிதக் கண்தான்.

என் பிழை ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு அரையாண்டுத் தேர்வில், ஒரு பெண் பிள்ளையின் கணக்கு விடைத்தாளில் கடைசிப் பக்கத்தைக் கூட்டாமல் விட்டுவிட்டேன். மறுநாள் அப்பாவோடு வந்தாள். தாளை வாங்கிப் பார்த்ததும் என் தப்பு தெரிந்தது. மார்க்கைத் திருத்தி, எல்லார் முன்னாலும் அந்தப் பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்தேன். ஆனால் அதற்கு முன்பே அவள் அப்பா, "வேணும்னேதானே குறைச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். கூட்டல் பிழையை ஒரு நிமிடத்தில் திருத்த முடிந்தது. அந்தக் கேள்வி இன்றைக்கும் காதில் கேட்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை, பிள்ளை அழுதால் எந்த அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆகவே தம்பி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பெனால்டி கொடுக்காதது தப்பு என்றால் தாராளமாக மார்க்கைக் குறை. "கண் தெரியவில்லையா" என்றுகூடத் திட்டிக்கொள். ஆனால் "காசு வாங்கிட்டான்" என்று எழுதும் முன் கையில் ரசீது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடு.

குழுவில் அந்தச் செய்தியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்பிலும் முதலில் கத்துவது அவர்தான்.

அடுத்த போட்டியாவது நம் ஊர் நேரத்துக்குத் தூங்கப் போகிற மாதிரி நடக்கட்டும். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்